வல்லை வெளிக்கு ஒரு கார்

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்தவர்கள் பலர். காரைக் கட்டி அழுதவர்கள் அதைவிடப் பலர். ஆனால் தான் போட்ட வீதி சரியா பிழையா என்று தெரிந்துகொள்வதற்காகக் கார் தேடி அலைந்தவர் இந்தக் குடாநாட்டில் ஒருவர்தான். அவரை எல்லோரும் 'எண்பது மைல் ஓவசியர்' என்றார்கள். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

அறுபதுகளின் கடைசியில் நான் வீதி வேலைக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வயது முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் என் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கந்தோரில் எனக்கு எதிர் மேசை, வீதி வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியருடையது. ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. உயரம், மெலிவு, வெள்ளைக் காற்சட்டை, எந்தப் பகிடிக்கும் அசையாத முகம். செத்த வீட்டுக்குப் போகும்போதும் கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் அந்த முகம் ஒன்றாகவே இருக்கும். கந்தோரில் யாராவது சிரித்தால் என்ன நடந்துவிட்டது என்று கவலையோடு திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரு வீதி இருந்தது. வல்லை வெளி வீதி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வலிகாமத்திலிருந்து வடமராட்சிக்குப் போகிற வழியில் விரிந்து கிடக்கிற உவர் நிலம் அது. வீடு கிடையாது, நிழல் கிடையாது. காற்று மட்டும் தாராளம். சைக்கிளில் போகிறவன் மிதித்துக்கொண்டே பின்னுக்குப் போகிற காற்று. அந்த வெளியின் நடுவால் நேராகப் போகிற வீதியைப் பழையது முழுவதையும் கிண்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டவர் எங்கள் ஓவசியர்தான். கல்லுப் பரவும்போதும் நின்றார், தார் காய்ச்சும்போதும் நின்றார், றோலர் ஓடும்போது அதன் பின்னாலேயே நடந்தார். எல்லாம் முடிந்த அன்று வீதியில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் தூரம்வரை பார்த்தார். வல்லையில் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று பஸ் ஒன்று நின்றதாகக் கேள்வி.

எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். கந்தோரில் பாராட்டினார்கள். ஓவசியருக்கு அது போதவில்லை. கையெழுத்து மேசையில் வைத்தது, வீதி வல்லையில் கிடக்கிறது என்பது அவருடைய கட்சி. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, என்னிடம் மனம் திறந்தார்.

"தம்பி, முப்பதிலை நாப்பதிலை ஓடினால் எந்த றோட்டும் நல்ல றோட்டுத்தான். எண்பது மைலிலை ஓடவேணும். அப்பத்தான் அது வாய் திறக்கும்."

"அப்ப ஒரு காரைப் பிடிச்சு ஓடிப் பாருங்கோவன் அண்ணை."

"எந்தக் காரை? ஓடேக்கை ஸ்டியரிங் நடுங்கினால், நடுங்கிறது காரோ றோட்டோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? கார் பிழையில்லாததா இருக்கவேணும். அப்ப நடுக்கம் வந்தால் அது என்ரை பிழை."

எனக்கு அது விளங்க இரண்டு நாள் எடுத்தது. விளங்கிய பிறகு அவரைப் பகிடி பண்ணுவதை நான் விட்டுவிட்டேன். மற்றவர்கள் விடவில்லை.

அவருக்குக் காலமும் அதிகம் இருக்கவில்லை. புதிதாகப் போட்ட தார் மூன்று மாரிக்கு மேல் முகம் மாறாமல் இருக்காது என்பது அவருடைய கணக்கு. மூன்றாவது மாரி முடிந்து வருகிற பங்குனியில் அவருக்கு ஓய்வு. அதன் பிறகு வேறோர் ஓவசியர் வந்து, அங்கே ஒரு ஒட்டு இங்கே ஒரு ஒட்டு என்று போட்டுவிடுவார். பிறகு எந்தக் காரில் ஓடினாலும் அது இவருடைய வீதியாக இராது. ஆகவே பங்குனிக்குள் எண்பது மைல் ஓடக்கூடிய, நடுக்கமில்லாத, ஓவசியரின் சேமிப்புக்குள் அடங்கக்கூடிய ஒரு கார் கிடைக்கவேண்டும்.

இதில் உள்ள கஷ்டம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. அப்போது வெளிநாட்டுக் கார் இறக்குவது நின்றுபோயிருந்தது. ஊரில் இருந்த கார்களே ஊரைச் சுற்றிச் சுற்றி விலைப்பட்டன. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் பிள்ளை குட்டிகளோடு கோயிலுக்குப் போய்வரப் படைக்கப்பட்டவை. அவற்றிடம் போய் எண்பது கேட்பது பாவம். வேகக் கார் என்று கொஞ்சம்தான் இருந்தன. அவை மலைநாட்டுத் தோட்டங்களில் துரைமார் ஓடித் திரிந்துவிட்டு, சீமைக்குப் போகும்போது கழித்துவிட்டுப் போனவை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கண்டுபிடித்தால் அது கார்தானா என்று நிச்சயப்படுத்துவது அடுத்த வேலை.

கார் பார்க்கப் போவதற்கு ஓவசியரிடம் ஒழுங்குமுறை இருந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. தனியாகப் போனால் விற்கிறவன் கதைத்தே மயக்கிவிடுவான். ஆகவே இரண்டு பேர். இரண்டாவது ஆள் நான். போகிற வீட்டில் தேத்தண்ணி தருவார்கள், குடிக்கமாட்டார். குடித்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது. "ஒரு மூக்குப்பேணியிலை தண்ணி தாருங்கோ" என்பார். வீட்டுக்காரர்கள் பாவம், தாகம் என்று நினைத்து நல்ல கிணற்றுத் தண்ணீராக அள்ளிக் கொண்டுவருவார்கள். அவர் அதை விளிம்புவரை நிரப்பிக் காரின் முன்மூடியில் வைத்து, எஞ்சினை ஓட விடச் சொல்லிவிட்டு, குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் சிந்தினால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். வலிகாமம் முழுவதும் எத்தனை முன்மூடிகளை அவர் இப்படிக் கழுவினார் என்று சொல்லமுடியாது.

அரியாலையில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் போனோம். கொழும்பிலே பந்தயம் ஓடிய கார் என்றார். சிவப்பு நிறம். அந்த நாளில் சிவப்பாக இருந்த எல்லாக் காரும் பந்தயம் ஓடியவைதான். தொட்டவுடன் ஸ்டாட் வரும் என்று தலைமையாசிரியர் சத்தியம் செய்தார். ஓவசியர் முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"காலமை எங்கையும் போட்டு வந்தனீங்களோ?"

"இல்லை, மூண்டு நாளா வெளியிலை எடுக்கேல்லை."

"அப்ப இதுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு ஓவசியர் கும்பிட்டார். நாங்கள் வருவதற்கு முன்னம் அரைமணி நேரம் தள்ளி, உருட்டி, சூடாக்கி வைத்திருந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லாதே என்று படிப்பித்த மனிதர் அன்று வெட்கத்தில் எங்களோடு படலைவரை வந்தார்.

புத்தூர்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் அசல் பந்தயக் கார் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கார் கொட்டிலில் நின்றது. அழகென்றால் அழகு. ஓவசியர் அதை ஒருமுறை சுற்றி வந்து, முதன்முறையாக முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு, எஞ்சினை ஓட விடச் சொன்னார். தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். இன்றைக்கு இறைப்பு நாள், எஞ்சின் தோட்டத்தில் நிற்கிறது, நாளைக்கு வந்தால் பூட்டிக் காட்டலாம் என்றார். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தோம். கிணற்றடியில், பனங்குற்றியில் ஏற்றி, நீரிறைக்கிற பம்பில் பொருத்தி, அந்த எஞ்சின் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு கெதியாகத் தண்ணீர் இறைக்கிற மிஷின் வேறு இல்லை என்று தோட்டக்காரர் பெருமையாகச் சொன்னார். ஓவசியர் அதன் சத்தத்தைக் கேட்டபடி வாய்க்கால் வரம்பில் நெடுநேரம் இருந்தார். சத்தம் அருமையான சத்தம்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இரும்புக் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் ஒன்று இருந்தது. அவரிடம்தான் எங்கள் கந்தோர் மண்வெட்டியும் அலவாங்கும் வாங்குவது வழக்கம். ஓவசியரைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். கார் விஷயம் என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"ஓவசியர், அதை மட்டும் கேக்காதீங்க. உங்களுக்குத் தரமாட்டன்."

"ஏன், ஆருக்கும் சொல்லியாச்சோ?"

"அது நல்ல கார் இல்லை. வெளியிலை வடிவு, உள்ளுக்குள்ளை முழுக்கத் துரு. எனக்கு ஒருத்தன் பெரிய அநியாயம் செய்தவன். அவன் கேட்டு வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு வித்தால் எனக்கு நித்திரை வராது."

இவ்வளவு கார் பார்த்ததில் எங்களுக்கு உண்மை சொன்ன ஒரே வியாபாரி அவர்தான். ஓவசியர் அங்கே மட்டும் தேத்தண்ணி குடித்தார்.

இப்படியே இரண்டு மாரி போய்விட்டது. மூன்றாவது மாரிக்குச் சில மாதங்களே இருந்தபோது ஓவசியருக்கு ஒரு யோசனை வந்தது. அதைப் போன்ற யோசனை யாழ்ப்பாணத்தானுக்குத்தான் வரும். கார் திருத்துகிற கராச்காரர்களிடம் கேட்டது போதும் என்று சொல்லிவிட்டுக் கல்யாணத் தரகர் ஒருவரைப் பிடித்தார்.

காரணம் மிகச் சரியானது. எங்கள் ஊரில் கார் சந்தையில் நிற்பதில்லை, சீதனத்தில் நிற்கும். எந்த வீட்டில் என்ன கார் நிற்கிறது, அது எத்தனை கை மாறியது, எங்கே முட்டியது, எங்கே ஒட்டுப் போட்டது என்பதெல்லாம் தரகருக்குப் பாடம். கராச்காரன் காரை ஒருமுறை பார்ப்பான். சீதனக் காரை மாப்பிள்ளை பகுதியின் மாமன், மச்சான், சித்தப்பா எல்லோரும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே வந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத் தப்பிய கார் இருந்தால் அது கார்தான். கக்கத்தில் சாதகக் கட்டோடு தரகர் கந்தோருக்கு வந்தபோது எல்லோரும் ஓவசியருக்குக் காலம் பிந்தியாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டார்கள். ஓவசியர் அவரிடம் சாதகம் ஒன்றும் வேண்டாம், எண்பது மைல் ஓடவேண்டும் என்றார். தரகர் சாதகக் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, உடுவிலில் ஒரு வீடு இருக்கிறது என்றார்.

உடுவில் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பிறக்கிராசியார். நாற்பது வருடம் மற்றவர்களுடைய காணி வழக்குகளைப் பேசியதால் எவரையும் நம்பாத மனிதர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அவர் வாங்கிய கார் அது. இரண்டே பேர் இருக்கக்கூடிய, தட்டையான, கடும்பச்சை நிறக் கார். ஆனால் அதை விற்கமாட்டார், இளைய மகளுக்கென்று எழுதி வைத்துவிட்டார் என்று தரகர் சொன்னார். அந்தக் கார் வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

ஓவசியர் தன் மேசையிலிருந்து மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூன்று வருடமாக எதிரெதிரே இருந்தோம். அதுவரை அவர் என் சொந்த விஷயம் ஒன்றும் விசாரித்ததில்லை.

"தம்பி, உமக்கு இப்ப எத்தினை வயது?"

நான் மறுத்தேன். பலமாகவே மறுத்தேன். ஒரு தடவை போய்க் காரை மட்டும் பார்த்துவிட்டு வருவோம் என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். இரண்டு பேராகப் போனோம்.

பிறக்கிராசியார் எங்களை விறாந்தையில் இருத்தி, என் தகப்பனார், அவருடைய தகப்பனார், அவர்களுடைய காணி எல்லைகள் என்று குறுக்கு விசாரணை செய்தார். ஓவசியர் அதைக் கேட்கவில்லை. மூக்குப்பேணித் தண்ணீரோடு முற்றத்தில் இறங்கிவிட்டார். தண்ணீரை முன்மூடியில் வைத்துவிட்டு, யாரை ஓட விடச் சொல்லலாம் என்று அவர் சுற்றிப் பார்த்தபோது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து, எங்கள் ஒருவரையும் பார்க்காமல், காருக்குள் ஏறி ஸ்டாட் செய்தாள். தண்ணீர் அசைந்தது. பிறகு மெல்ல அடங்கி, கண்ணாடி மாதிரி நின்றது. ஓவசியர் குனிந்தவர் நிமிரவில்லை.

"சூடாகினாப் பிறகும் பாருங்கோ ஐயா" என்றாள் அவள். "அவசரப்படாதையுங்கோ."

அவள் பெயர் புவனம். ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். காரை ஓடுவதும் பார்ப்பதும் அவள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறக்கிராசியாருக்கு அதில் ஏறவே பயம். ஓவசியர் அவளிடம் காரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போனார். அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினாள்.

"ஐயா, ஒண்டை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ. கார் என்னோடை வாறது. நான் காரோடை வாறேல்லை." அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் எதைப் பாக்க வந்தனீங்கள்?"

எனக்கு அந்த இடத்தில் பொய் வரவில்லை. "நான் ரண்டையும் பாக்க வரேல்லை. ஓவசியர் அண்ணை கூட்டிக்கொண்டு வந்தவர்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, ஒன்றையும் பார்க்க வரவில்லை என்று சொன்னது பாதிப் பொய்யாகிவிட்டது. திரும்பி வரும்போது ஓவசியர் அருமை அருமை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் ஓம் ஓம் என்றேன். இருவரும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கிறோம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

என் சார்பில் சம்பந்தம் பேசப் போனவரும் அவர்தான். அங்கேதான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். வீடு வேண்டாம், வளவு வேண்டாம், காசு வேண்டாம், கார் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அவர் நினைத்தது, இதைவிட நல்ல சம்பந்தம் எங்கே கிடைக்கும் என்று. பிறக்கிராசியார் நினைத்தது, வீடும் காசும் வேண்டாம் என்கிற மாப்பிள்ளைக்கு ஏதோ பெரிய குறை இருக்கவேண்டும் என்று. அடுத்த கிழமையே திருநெல்வேலியில் விசாரணை தொடங்கிவிட்டது. என் அறைக்காரரிடம் எனக்கு வலிப்பு வருவதுண்டா என்று கேட்டார்கள். நான் சாப்பிடுகிற கடையில் எனக்கு ஏற்கெனவே எங்கேயாவது குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பலாலி வீதி பஸ்ஸில் ஒரு பெரியவர் மூன்று நாள் என் பின்னாலேயே ஏறி இறங்கி நான் நொண்டுகிறேனா என்று பார்த்தார். ஒரு குறையும் அகப்படாததால் சந்தேகம் இன்னும் கூடிற்று.

தரகர்தான் ஓவசியரைத் தனியாகக் கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். ஓவசியர் அன்றே உடுவிலுக்குப் போய், ஒரு பெரிய அலுமாரியும் தையல் மிஷினும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பேச்சில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறக்கிராசியாருக்கு உயிர் வந்தது. உடனே சம்மதித்தார். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. படித்த, உழைக்கிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் அலுமாரியும் மிஷினும் வைத்தால்தான் எங்கள் ஆட்களுக்குக் கணக்குச் சரிவரும்.

ஆவணியில் கல்யாணம் வைக்கவேண்டும், மாரிக்கு முன் வல்லை ஓடவேண்டும் என்று ஓவசியர் துடித்தார். சாத்திரியார் என் சாதகத்தைப் பார்த்துவிட்டுத் தைக்கு முன் நாள் இல்லை என்றார். வீதி கெட்டுப்போகும் என்று ஓவசியர் அவரிடம் மன்றாடினார். சாத்திரியார் தன் தொழிலில் அப்படி ஒரு காரணத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் தையே நிச்சயமாயிற்று. நான் ஐப்பசி கார்த்திகையில் கல்யாணக் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஓவசியர் ஒவ்வொரு ஞாயிறும் குடையும் சைக்கிளுமாக வல்லைக்குப் போய், கொட்டுகிற மழையில் தன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை கந்தோருக்கு வந்து, "நிக்குது தம்பி" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அந்த மூன்றாவது மாரி பொல்லாத மாரி. ஊரில் எத்தனையோ வீதிகள் கரைந்துபோயின. மார்கழி முடியும்போதும் அவர் நிற்கிறது என்றே சொன்னார். அவருடைய சந்தோஷத்தை அவருடைய இருமலில்தான் கண்டுபிடிக்கலாம். நனைந்து நனைந்து அந்த இருமலைத் தேடிக்கொண்டார்.

தையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது ஓவசியர் மணவறைப் பக்கம் இல்லை. வளவுக்குள் நின்ற காரைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சொன்னார்கள்.

மாசி மாதம், ஒரு ஞாயிறு விடிந்து வெயில் ஏறுகிற நேரம், வல்லைக்குப் புறப்பட்டோம். புவனம்தான் நாளைச் சொன்னாள். இரண்டு பேர் இருக்கிற காரில் மூன்று பேர். மூன்று பேராகப் போகலாமா என்று நான் ஓவசியருக்கு ஞாபகப்படுத்தினேன். பின்னால் கிடப்பது சாமான்தான், ஆள் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே நான் ஆசனங்களுக்குப் பின்னால், பெட்டி வைக்கிற இடத்தில், மடித்து வைத்த வேட்டி மாதிரிக் கிடந்தேன். வல்லை தொடங்குகிற இடத்தில் புவனம் இறங்கி, ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஓவசியர் பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிழையென்று தெரியவந்தால் இந்த மனிதர் என்ன செய்வார் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

கார் புறப்பட்டது. நாற்பது. ஐம்பது. காற்று காதைப் பிய்த்தது. அறுபதில் எனக்குக் கடவுள் ஞாபகம் வந்தது. ஓவசியர் வேகம் காட்டுகிற முள்ளைப் பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்தார். கைகள் நடுங்கவில்லை. புவனம் முள்ளைப் பார்த்து, எழுபது என்று சத்தம் போட்டுச் சொன்னாள். முன்னால் வீதி நேராகக் கிடந்தது. வேறு வாகனம் இல்லை.

அப்போது தூரத்தில் வீதி கறுப்பாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தது. ஓவசியர் காலை எடுத்துவிட்டார். வேகம் இறங்கி இறங்கி, மஞ்சளுக்குப் பத்தடி இப்பால் கார் நின்றது.

நெல். அறுப்புக் காலம் என்பதை நாங்கள் மூவரும் மறந்துவிட்டோம். வீதியின் அகலத்துக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லைப் பரவிக் காயவிட்டிருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டு பயந்துவிட்டாள். பஸ் வர இன்னும் நேரம் கிடக்கிறது, ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருகிறேன், குறை நினைக்கவேண்டாம் என்றாள். வீதியில் நெல் காயப்போடுவதைத் தடுக்கிற அதிகாரம் உள்ள மனிதர் காரிலிருந்து இறங்கினார். நான் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்று வருடம் தேடியது கையில் வந்து, பாதி வெளியில் நெல்லால் நின்றுபோனால் யாருக்கும் கோபம் வரும்.

"வயல் எங்கை?" என்றார்.

"அரைக் கட்டை தூரம் அங்காலை, ஐயா."

"அங்கை றோட்டு இல்லையோ?"

"இருக்குது. அது பள்ளமும் திட்டியும். பள்ளத்திலை கிடக்கிற நெல்லு ஈரமாக் கிடக்கும், திட்டியிலை கிடக்கிறது முறுகிப்போம். குத்தேக்கை முழுக்கக் குறுணல். இதிலை போட்டால் எல்லாம் ஒரே மாதிரிக் காயும். மூண்டு வருசமா இதிலைதான் கொண்டுவந்து போடுறம்."

ஓவசியர் குனிந்து வீதியைப் பார்த்தார்.

"தண்ணி எங்கையும் நிக்கிறேல்லையோ?"

"மாரிக்குள்ளையே நிக்கேல்லை, ஐயா."

"கரையிலை?"

"கரையிலையும் இல்லை. ஆர் போட்டவங்களோ தெரியாது. நல்லாப் போட்டிருக்கிறாங்கள்."

புவனம் வாயைத் திறந்தாள். ஓவசியர் திரும்பிப் பார்க்காமலே, வேண்டாம் என்று பின்னால் கையை அசைத்தார்.

பிறகு என்னை இறங்கச் சொன்னார். எஞ்சினை ஓட விட்டுப் பின்னுக்கு எடுத்தால் காற்றுக்குப் புகை முன்னுக்கு வந்து நெல்லில் படும், தள்ளுவோம் என்றார். புவனம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, குடாநாட்டிலேயே வேகமான காரை ஒரு கிளாக்கரும் ஒரு ஓவசியரும் வல்லை வெளிக் காற்றில் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனோம். கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கிற்று, அந்த முகத்தில் சிரிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று. முன்னம் பார்த்திராததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வரும்போது புவனம் ஓடினாள். அறுப்பு முடியட்டும் ஐயா, உங்களுக்கு ஓய்வு வருகிறதுக்கு முன்னம் ஒரு நாள் விடிய வந்து எண்பது ஓடிப் பார்ப்போம் என்று ஆறுதல் சொன்னாள்.

"என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் ஓவசியர். "மறுமொழி வந்திட்டுது."

பங்குனியில் ஓய்வு பெறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வருவார், பேசாமல் சாப்பிடுவார், கையைக் கழுவிவிட்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு தமக்கையோடு இருக்கக் காரைநகருக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் பல ஞாயிறுகளில் புவனம் உலையில் அரிசியைக் கூடப் போட்டுவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவள் போடாத ஞாயிறுகளில், குறைந்துபோயிற்றே என்று எனக்குத்தான் தோன்றும்.